எழுதாத மைல்கள்

நம் நாட்டில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும், "ஐந்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போனேன்" என்று பெருமையடித்துக் கொள்ளும் தாத்தாக்கள் மைலை இன்னும் விட்டபாடில்லை. அவர்கள் நடந்த மைல்களை யாரும் அளந்து பார்த்ததில்லை. வயது ஏற ஏற அந்தத் தூரமும் ஏறிக்கொண்டே போகும். ஐந்து மைல் பத்து மைலாவதால் கேட்கிறவர்களுக்கு யாதொரு நஷ்டமும் கிடையாது.

ஆனால், உத்தேசமாக எழுதிய மைல் கணக்குக்காக ஒரு மனிதர் தம் சொத்தில் ஒரு பங்கை விற்க நேர்ந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. அந்தக் கணக்கை எழுதியவளே நான்தான்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா ராஜ்யத்தின் நடுவில் பிரெஸ்னோ என்று ஓர் ஊர் இருக்கிறது. உலர்ந்த திராட்சைக்கும் பாதாம் பருப்புக்கும் பேர் போன சமவெளி. நூறு வருஷங்களுக்கு மேலாகவே அந்தப் பிரதேசத்தில் பஞ்சாபிகள் குடியேறி வந்திருக்கிறார்கள். முதலில் வந்தவர்கள் வயல்களில் உழைத்தார்கள். பின்னால் வந்தவர்களில் பலர் லாரி ஓட்டுகிறார்கள். அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் இடங்கள் சிலவற்றில் இப்போது சுடச்சுட ரொட்டியும் பருப்பும் கிடைக்கின்றன என்றால், அது அவர்கள் செய்த புண்ணியம்.

என் கணவருக்குப் பிரெஸ்னோவில் வேலை கிடைத்ததால் நாங்கள் அங்கே குடியேறினோம். 2016-ஆம் வருஷம் ஒரு சர்தார்ஜியின் லாரி ஆபீஸில் கணக்கு எழுத ஆள் தேவை என்று தெரிந்து போய்க் கேட்டேன். சிறு வயதில் தட்சிண பாரத ஹிந்தி பிரசார சபையின் பரீட்சைகளில் 'மத்யமா' வரையில் தேறியிருந்த தைரியத்தில் ஹிந்தியிலேயே பேசினேன். அந்த ஹிந்தியைக் கேட்டு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "நாளைக்கு வந்துவிடு, பேட்டீ!" என்றார். அன்று முதல் நான் அவருக்கு மகள்.

சர்தார்ஜியிடம் ஐந்து லாரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் பதினெட்டுச் சக்கரங்கள் கொண்ட ராட்சத வாகனம். சரக்கோடு சேர்த்து 80,000 பவுண்டு வரையில் கனக்கலாம். எனக்கு ஏற்பட்ட முக்கியமான வேலை, இந்த ஐந்து லாரிகளும் எந்தெந்த ராஜ்யத்தில் எத்தனை எத்தனை மைல் ஓடின என்று எழுதி வைப்பது. "இது என்ன பிரமாதம்? குழந்தைகூடச் செய்யுமே!" என்றுதான் நானும் எண்ணினேன்.

அந்த மைல் கணக்கு எதற்காக என்பதை இங்கே கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் சாலை போடும் செலவுக்காக ஒவ்வொரு ராஜ்யமும் எண்ணெய் மீது வரி விதிக்கிறது. 1919-ஆம் வருஷம் ஒரிகன் ராஜ்யம் பெட்ரோலுக்கு வரி போட்டு இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தது. மற்ற ராஜ்யங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பின்பற்றின. மோட்டார் காரில் போகிறவர் பெட்ரோல் வாங்கும்போதே வரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். அத்துடன் விஷயம் முடிந்தது. லாரியின் சமாசாரம் அப்படியல்ல. அதன் இரண்டு தொட்டிகளும் நிரம்பிவிட்டால் ஆயிரம் மைலுக்கு மேல் ஓடும். எண்ணெய் மலிவான ராஜ்யத்தில் தொட்டியை நிரப்பிக் கொண்டு, இன்னொரு ராஜ்யத்தின் சாலையை ஆசை தீரத் தேய்த்துவிட்டு, அங்கே ஒரு காசும் கொடுக்காமல் கம்பி நீட்டிவிடலாம்.

நம் வீட்டு உதாரணத்தையே எடுத்துக் கொள்வோம். அண்ணன் வீட்டில் எண்ணெயை வாங்கிக் கொண்டு போய்த் தம்பி வீட்டு அடுப்பில் வடை சுடுகிறோம். புகை பிடித்துக் கறுத்தது யார் வீட்டுச் சுவர்? தம்பி வீட்டுச் சுவர். ஆகையால் வெள்ளையடிக்கும் செலவும் தம்பிக்குத்தானே போய்ச் சேர வேண்டும்? எண்ணெய் வாங்கிய இடம் முக்கியமல்ல; வடை சுட்ட இடந்தான் முக்கியம். லாரி வரியின் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான்.

முற்காலத்தில் லாரிக்காரர்கள் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் தனித்தனியாக அனுமதிச் சீட்டு வாங்கித் தனித்தனியாகக் கணக்குக் கொடுத்து அல்லல்பட்டார்கள். 1983-ல் அரிஸோனா, அயோவா, வாஷிங்டன் ஆகிய மூன்று ராஜ்யங்கள் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. 1991-ல் ஏற்பட்ட மத்திய சட்டத்தின் காரணமாக, 1996-க்குள் மற்ற ராஜ்யங்களும் அதில் சேர்ந்தன. இப்போது அமெரிக்காவில் 48 ராஜ்யங்களும், கனடாவில் 10 மாகாணங்களும் அதில் அடக்கம். சர்வதேச எரிபொருள் வரி உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். லாரிக்காரர் தம் சொந்த ராஜ்யத்தில் ஒரே ஒரு கணக்கைக் கொடுத்தால் போதும். பாக்கிப் பேர் தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்வார்கள்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஆகிய மாதங்களின் கடைசித் தேதிக்குள் முந்தைய மூன்று மாதத்துக் கணக்கு போய்ச் சேர வேண்டும். லாரிகள் ஓடிய மொத்த மைலை, வாங்கிய மொத்த எண்ணெயால் வகுத்தால், ஒரு காலனுக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். (பயப்பட வேண்டாம். இந்தக் காலன் எருமை மேல் வருகிறவன் அல்ல. ஏறக்குறைய மூன்றே முக்கால் லிட்டர் கொண்ட எண்ணெய் அளவு.) பிறகு ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஓடிய மைலைக் கொண்டு, அங்கே எரிந்த எண்ணெய் இவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அங்கே வாங்கியது அதற்குக் குறைவாக இருந்தால் வரி கொடுக்க வேண்டும். அதிகமாக இருந்தால் திரும்பி வரும். அது மட்டுமல்ல. லாரியின் பதிவுக் கட்டணத்தையும் இதே மைல்களை வைத்துத்தான் ராஜ்யங்கள் பங்கிட்டுக் கொள்கின்றன. நியூ மெக்ஸிகோவைப் போன்ற சில ராஜ்யங்களோ இதெல்லாம் போதாதென்று, கனத்தையும் மைலையும் பார்த்துத் தனியாக வேறு ஒரு வரி வாங்குகின்றன.

ஆக, எல்லாவற்றுக்கும் மூலம் மைல். அந்த மைலுக்கு மூலம், ஒவ்வொரு பிரயாணத்திலும் டிரைவர் எழுதிக் கொண்டு வரும் 'டிரிப் ஷீட்'. புறப்பட்ட தேதி, வந்து சேர்ந்த தேதி, போன சாலைகள், புறப்படும்போதும் முடியும்போதும் ஓடோமீட்டர் காட்டிய எண்கள், ஒவ்வொரு ராஜ்யத்திலும் ஓடிய மைல்கள், லாரியின் நம்பர் ஆகிய எல்லாம் அதில் இருக்க வேண்டும். சரக்கோடு ஓடிய மைல் மட்டும் போதாது. காலியாக ஓடிய மைலும், டிரைவர் தம் வீட்டுக்குப் போய் வந்த மைலும்கூடச் சேர்த்தி. ஒரு பிரயாணம் முடிந்த எண்ணில்தான் அடுத்த பிரயாணம் ஆரம்பமாக வேண்டும். நடுவில் ஒரு மைல்கூட மாயமாக மறையக் கூடாது.

டிரைவர்களில் வயதில் மூத்தவரை எல்லோரும் 'பாபாஜி' என்று அழைப்பார்கள். டிரிப் ஷீட்டைத் தவிர, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் அவரிடம் உண்டு. ராஜ்யத்தின் எல்லைப் பலகை கண்ணில் பட்டதும் ஓடோமீட்டரைப் பார்த்து எண்ணை மனத்தில் இருத்திக் கொள்வார். அடுத்தபடி லாரியை நிறுத்தும் இடத்தில் முதல் காரியமாக அதை நோட்டில் எழுதிவிடுவார். ஊர்ப் பெயர்கள் குருமுகி எழுத்தில் இருக்கும். எண்கள் மட்டும் நமக்கும் தெரிந்த எண்கள்.

அதைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வரும். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் அவர் கணக்குப் பிள்ளையாக இருந்தார். அன்றாடச் சிட்டாவை அன்றைக்கே எழுதி முடிக்காமல் அவர் படுத்ததே கிடையாது. "எழுதாத கணக்கு அழுதாலும் வராது" என்று அடிக்கடி சொல்வார். அவருடைய பேத்தியாகிய நான் அந்த வாக்கியத்தை நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் சமயத்தில் உதவுமானால் உலகத்தில் முட்டாள்களே இருக்க மாட்டார்களே!

2017-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 18-ஆம் தேதி ஒரு புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. டிரைவர்கள் வேலை செய்யும் நேரத்தை இனிமேல் லாரியின் இன்ஜினோடு இணைத்த மின்சாரக் கருவி ஒன்று தானே பதிவு செய்ய வேண்டும் என்பது உத்தரவு. பத்து மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, பதினான்கு மணி நேரத்துக்குள் பதினொரு மணி நேரந்தான் லாரி ஓட்டலாம் என்பது அந்த நாட்டு விதி. காகிதத்தில் எழுதும்போது சில டிரைவர்கள் கடிகாரத்தைக் கொஞ்சம் வளைத்துப் பார்த்ததுண்டு. கருவியிடம் அந்த ஜம்பம் சாயாது.

கருவி நேரத்தை மட்டுமா காட்டியது? லாரி எங்கே போகிறது, எத்தனை மைல் ஓடியது என்பதையும் ஆபீஸில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிந்தது. எனக்கு உண்டான ஆனந்தத்துக்கு அளவில்லை. டிரைவர்களுடைய எழுத்தோடு மல்லுக்கு நின்று என் கண்கள் பூத்துப் போயிருந்தன. "இனிமேல் யாரும் டிரிப் ஷீட் எழுத வேண்டாம். எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக் கொள்ளும்!" என்று ஐந்து பேரிடமும் உற்சாகமாகச் சொல்லிவிட்டேன்.

நால்வர் சந்தோஷமாக நிறுத்திவிட்டார்கள். பாபாஜி மட்டும் நோட்டை விடவில்லை. "இன்னும் எதற்கு, பாபாஜி, இந்தச் சிரமம்?" என்று கேட்டேன்.

"இயந்திரம் தனக்கு வேண்டியதை எழுதிக் கொள்ளட்டும், பேட்டீ. எனக்கு வேண்டியதை நான் எழுதிக் கொள்கிறேன்" என்றார். கிழவரின் பிடிவாதம் என்று மனத்துக்குள் சிரித்துக் கொண்டேன்.

முதலில் சில மாதங்கள் கருவி சொன்ன மைல்களை அப்படியே எடுத்து எழுதினேன். பிறகு அதன் குறைகள் தெரிய ஆரம்பித்தன. மலைப் பிரதேசங்களில் தொடர்பு அறுந்து போகும். சில நாட்களுக்கு ஒன்றுமே பதிவாகியிராது. டிரைவரைக் கேட்கலாம் என்றால் அவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார். தேசப் படம் இருக்கவே இருக்கிறது! நாற்பதாம் எண் நெடுஞ்சாலை அரிஸோனாவில் 359 மைல், நியூ மெக்ஸிகோவில் 373, டெக்ஸாஸில் 177, ஓக்லஹோமாவில் 331. விடுபட்ட இடங்களில் இந்த எண்களைப் போட்டு நிரப்பினேன். முதலில் ஓட்டையை அடைக்க மட்டும் படத்தைப் பார்த்தவள், நாளடைவில் கருவியைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். மூன்று மாதக் கெடு முடியும் வாரத்தில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்தே மொத்தக் கணக்கையும் எழுதி அனுப்பிவிடுவேன். கணக்கு அழகாக இருந்தது. ஒவ்வொரு பிரயாணமும் மற்றொன்றைப் போலவே இருந்தது. அதுதான் அதன் பெருங்குற்றம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இதற்கிடையில், மாதக் கட்டணம் குறைவாக இருக்கிறதென்று சர்தார்ஜி 2019-ல் வேறொரு கம்பெனியின் கருவிகளை வாங்கி மாட்டினார். பழைய கருவிகளில் இருந்த பதிவுகளை எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலை நேரப் பதிவுகளை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்பது ஒரு சட்டம். மைல் கணக்கையும் எண்ணெய் ரசீதுகளையும் நாலு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது வரி உடன்படிக்கையின் விதி. ஒன்றுக்கு ஆறு மாத ஞாபகசக்தி. மற்றொன்றுக்கு நாலு வருஷ ஞாபகசக்தி. நான் ஆறு மாதத்தை நம்பி நாலு வருஷத்தைக் கோட்டை விட்டேன்.

2021-ல் வரி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. 2018 முதல் 2020 வரையில் மூன்று வருஷத்துக் கணக்குகளைத் தணிக்கை செய்யப் போவதாகத் தெரிவித்திருந்தார்கள். வருஷத்துக்குச் சராசரியாக நூற்றுக்கு மூன்று கணக்குகளையாவது தணிக்கை செய்ய வேண்டும் என்பது உடன்படிக்கையின் நிபந்தனை. அந்த மூன்றில் ஒன்றாக நாங்களும் அகப்பட்டுக் கொண்டோம்.

தணிக்கை செய்ய வந்த அம்மாள் மிகவும் சாந்தமானவர். குரலை உயர்த்தவே இல்லை. எண்ணெய் ரசீதுகளை ஒரு பக்கம் அடுக்கினார். லாரிகளைப் பழுது பார்த்த பில்களை மற்றொரு பக்கம் அடுக்கினார். பில்லைக் கொண்டு மைல் கணக்கில் என்ன செய்துவிடப் போகிறார் என்று நான் அலட்சியமாக இருந்தேன். பழுது பார்க்கும் கடைக்காரர்கள் ஒவ்வொரு பில்லிலும் அன்றைய ஓடோமீட்டர் எண்ணைக் குறித்து வைக்கிறார்கள் என்பது அப்போதுதான் என் மூளையில் உறைத்தது! மூன்றாம் நம்பர் லாரி இரண்டு பில்களுக்கு இடையில் 24,310 மைல் ஓடியிருந்தது. என் கணக்கில் இருந்தது 22,870. பாக்கி 1,440 மைல் எங்கே? சரக்கை இறக்கிவிட்டு அடுத்த சரக்கு இருக்கும் ஊருக்குக் காலியாக ஓடிய மைல்கள் அவை. என் தேசப் படத்தில் காலி லாரிகள் ஓடவே இல்லை.

பிறகு ஒரு ரசீதை எடுத்து என் முன்னால் மெதுவாக நகர்த்தினார். 2019-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இரண்டாம் நம்பர் லாரி பாதாம் பருப்பு ஏற்றிக் கொண்டு மெம்பிஸ் நகரத்துக்குப் போயிருந்தது. நான் அதை வழக்கம் போல் நாற்பதாம் எண் சாலையில் ஓட்டி, பிளாக்ஸ்டாப் வழியாக நியூ மெக்ஸிகோவைக் குறுக்கே கடந்து, ஓக்லஹோமாவில் 331 மைல் எழுதியிருந்தேன். ரசீதோ லார்ட்ஸ்பர்க் என்ற ஊரில் எண்ணெய் போட்டதற்கானது. அந்த ஊர் நியூ மெக்ஸிகோவின் தென்கோடியில் பத்தாம் எண் சாலையில் இருக்கிறது.

நடந்தது இதுதான்: பிளாக்ஸ்டாப் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள ஊர், ஏறக்குறைய நம் உதகமண்டலம் மாதிரி. அந்த வாரம் கடும் பனி பெய்து சாலையை மூடிவிட்டார்கள். டிரைவர் தெற்கே திரும்பி, டெக்ஸாஸ் ராஜ்யத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை கடந்து போயிருக்கிறார். டெக்ஸாஸில் மட்டும் 700 மைலுக்கு மேல். ஓக்லஹோமாவில் அந்த லாரி கால் வைக்கவே இல்லை. நான் பனிமலையில் லாரியை ஏற்றி இறக்கிக் கொண்டிருந்த அதே வேளையில், அது லார்ட்ஸ்பர்க்கில் நின்று எண்ணெய் குடித்துக் கொண்டிருந்தது!

"இந்த மைல்களை எதைப் பார்த்து எழுதினீர்கள்?" என்று அந்த அம்மாள் கேட்டார். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கொண்டது.

நம்பத் தகுந்த பதிவு இல்லாவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்கு உடன்படிக்கையில் விதி இருக்கிறது. காலனுக்கு 4 மைல்தான் லாரி ஓடியது என்று வைத்துக் கொள்ளலாம். அல்லது நாம் காட்டிய விகிதத்தில் நூற்றுக்கு இருபது குறைக்கலாம். கணக்கு எளிதாக இருக்க முழு எண்களாகவே சொல்கிறேன். ஐந்து லாரிகளும் மூன்று மாதத்தில் 1,20,000 மைல் ஓடியதாகவும், காலனுக்கு 6 மைல் வீதம் 20,000 காலன் எரித்ததாகவும் காட்டியிருந்தோம். காலனுக்கு 4 மைல் என்றால் எரிந்தது 30,000 காலன் ஆகிவிடும். அதிகப்படியான 10,000 காலனுக்கு வரி கட்டியதாக ரசீது கிடையாது. மூன்று வருஷத்தில் இப்படிப் பன்னிரண்டு கணக்குகள். காலனுக்கு 40 சென்ட் வரி என்று வைத்துக் கொண்டாலும் 48,000 டாலர், வட்டி தனி. எருமை மேல் வருகிற காலனே ஆபீஸ் வாசலில் வந்து நின்றது போல் இருந்தது.

சர்தார்ஜி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாடியைத் தடவிக் கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற லாரிகளைப் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பாபாஜி ஒரு துணிப் பையைக் கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். அதற்குள் அவருடைய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. மூன்று வருஷத்தில் ஒரு பிரயாணம் பாக்கி இல்லை.

இரண்டு இரவுகள் நானும் சர்தார்ஜியும் ஆபீஸில் உட்கார்ந்தோம். அவர் குருமுகியை உரக்கப் படித்துச் சொல்ல, நான் எழுதிக் கொண்டே போனேன். 'பிளாக்ஸ்டாப். பனி. சாலை மூடல். தெற்கே திரும்பினேன்' என்று ஓர் இடத்தில் இருந்தது. 'வீட்டுக்குப் போய் வந்தது, காலி, 38 மைல்' என்று இன்னோர் இடத்தில் இருந்தது. யாரும் கேட்காத அந்த 38 மைலையும் அந்த மனிதர் விடவில்லை. ஒரு பக்கத்துக்கு வந்ததும் சர்தார்ஜி சட்டென்று நிறுத்திவிட்டார். என்னவென்று பார்த்தேன். "இதை எழுத வேண்டாம், பேட்டீ. 'இன்று பேத்தி பிறந்த நாள். டெக்ஸாஸில் இருக்கிறேன்' என்று போட்டிருக்கிறார்" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை. அந்த வரிக்கு அடுத்த வரியில் ஓடோமீட்டர் எண் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது.

தணிக்கை அம்மாள் அந்த நோட்டுகளை எண்ணெய் ரசீதுகளோடும் பழுது பில்களோடும் மூன்று நாள் ஒப்பிட்டுப் பார்த்தார். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. எல்லாம் பொருந்தின. பாபாஜியின் லாரிக் கணக்கை அப்படியே ஏற்றுக் கொண்டார். அதே சாலைகளில் அதே சரக்கை இழுத்த அந்த லாரி காலனுக்கு 6 மைல் ஓடியது நிரூபணமாகிவிட்டதால், மற்ற நான்கு லாரிகளுக்கு 4 மைல் என்ற கடுமையான விதியைப் பிரயோகிக்காமல், நூற்றுக்கு இருபது குறைக்கும் விதியைப் பிரயோகித்தார். 48,000 டாலராக இருந்திருக்க வேண்டிய சுமை இருபதினாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகையாக இறங்கியது. வட்டி வேறு இருந்தது.

அந்தத் தொகையும் ஐந்து லாரிக்காரருக்குச் சிறியதல்ல. சர்தார்ஜி மூன்றாம் நம்பர் லாரியை விற்றார்.

அந்த லாரியை ஓட்டியவன் எல்லோரிலும் இளையவன். அப்போதுதான் அவன் வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுப் போக ஆபீஸுக்கு வந்தான். வேறொரு கம்பெனியில் இடம் கிடைத்துவிட்டதென்றும், கவலை வேண்டாம் என்றும் அவனே எனக்குத் தைரியம் சொன்னான். அவன் போன பிறகு பழைய கோப்புகளைப் புரட்டினேன். 2017-ஆம் வருஷத்து டிரிப் ஷீட்டுகள் கிடைத்தன. அவன் எழுதியவை முத்து முத்தாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. அவன் எழுதிக் கொண்டுதான் இருந்தான். நிறுத்தச் சொன்னவள் நான்.

அன்று மாலை சர்தார்ஜியிடம் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருபதினாயிரம் டாலர் கட்டி உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது போய்விட்டால் அந்தப் பணமும் அல்லவா நஷ்டம்? நாளைக்கு வழக்கம் போல் வந்து சேர்!" என்றார்.

வழக்கம் போல் போய்ச் சேர்ந்தேன். ஆனால் வழக்கத்தை மாற்றினேன். கருவி இருக்கிறது, டிரிப் ஷீட்டும் இருக்கிறது. டிரைவர் திரும்பி வந்த வாரத்திலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறேன். வித்தியாசம் இருந்தால் அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டுத் திருத்துகிறேன். மாதக் கடைசியில் மொத்த மைலை ஓடோமீட்டரோடு சரி பார்க்கிறேன். ஓடோமீட்டர் கெட்டு மாற்ற நேர்ந்தால், பழையது நின்ற எண்ணையும் புதியது ஆரம்பித்த எண்ணையும் அன்றைக்கே குறித்து வைக்கிறேன். கருவியின் பதிவுகளை மாதா மாதம் இறக்கி இரண்டு இடங்களில் சேமிக்கிறேன். எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு மணி நேர வேலை. அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் நான் ஒரு லாரியைப் பறி கொடுத்தேன்.

நான் பொய்க் கணக்கு எழுதவில்லை என்று வெகு நாள் என்னையே சமாதானம் செய்து கொண்டிருந்தேன். ஒரு மைலைக்கூட லாபத்துக்காக மாற்றவில்லை என்பது உண்மைதான். ஆனால் நடந்ததைப் பார்க்காமல், நடந்திருக்கும் என்று எண்ணியதை எழுதிவிட்டு அதன் கீழே கையெழுத்துப் போடுவதற்கு வேறு என்ன பெயர் கொடுப்பது? தாத்தா இருந்திருந்தால் சரியான பெயரைச் சொல்லியிருப்பார்.

பாபாஜி இப்போது லாரி ஓட்டுவதில்லை. பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் காரில் கொண்டு விடுவதும் அழைத்து வருவதுந்தான் வேலை. அந்த மைல்களையும் எழுதி வைக்கிறாரா என்று ஒரு நாள் கேட்டேன். சிரித்துக் கொண்டே சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

தணிக்கைக்கு உதவிய அந்தப் பழைய நோட்டுகள் இன்னும் ஆபீஸ் அலமாரியில் என்னிடமே இருக்கின்றன. நாலு வருஷம் வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. அந்தக் கெடு தாண்டிவிட்டது. வருஷா வருஷம் பழைய காகிதங்களைக் கழிக்கும்போது அந்தத் துணிப் பையையும் கையில் எடுக்கிறேன். மறுபடியும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.